மணம் பதிவான நாளிலேயே வாழவும் உழைக்கவும் உரிமை வேண்டும்: தமிழ்நாடு அரசுக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள வாழ்க்கைத்துணையோடு தமிழ்நாட்டில் வாழும் குடும்பங்களின் சங்கத்தினர்.

பெறுநர்:
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: இந்தியக் குடிமக்களை மணந்த வெளிநாட்டினரின் திருமணப் பதிவு, தங்கும் உரிமை, வேலை உரிமை – மாநில அரசு தன் அதிகாரத்துக்கு உட்பட்டதைச் செய்யவும், மற்றவற்றை ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவில் கையொப்பமிட்டிருக்கும் நாங்கள் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, வேறு நாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணந்தவர்கள். படிக்கப் போன ஊரில் துணையைக் கண்டவர்கள் எங்களில் உண்டு. வேலைக்குப் போன ஊரில் கண்டவர்களும் உண்டு. சிலருக்குத் துணையாக வாய்த்தவர் பினாங்கிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த சொந்த அத்தை மகன், மாமன் மகள். இன்னும் சிலர் எங்கேயும் போகவில்லை. பக்கத்து ஊர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்து, தங்களோடு ஒரே பள்ளியில் படித்தவரை மணந்தவர்கள் அவர்கள்.

அரசு ஒரு திருமணத்தைப் பதிவு செய்து முத்திரை வைத்துச் சான்றிதழ் தரும் நாளிலேயே, அந்த வாழ்க்கைத்துணைக்கு இங்கே தங்கவும் உழைத்துச் சம்பாதிக்கவும் உரிமை பிறக்க வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை. கீழே சொல்பவை யாவும் இதிலிருந்து கிளைத்தவை.

விசாவும் குடியுரிமையும் ஒன்றிய அரசின் பொறுப்பு என்பதை அறிவோம். ஆனால் சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையச் சரிபார்ப்பு, முகாம் நிர்வாகம் ஆகியவை மாநிலத்தின் கையில் இருக்கின்றன. எங்கள் குடும்பங்களின் அலைச்சலில் பெரும்பகுதி இந்த இடங்களில்தான் தொடங்குகிறது. அதனால்தான் முதலில் தங்களிடம் வந்திருக்கிறோம்.

இந்தியரை மணந்த வெளிநாட்டவருக்கு முதலில் கிடைப்பது எக்ஸ் வகை நுழைவு விசா. அதை வைத்துக்கொண்டு தங்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, திருமணம் பதிவாகி, இடைவிடாமல் 2 ஆண்டுகள் நீடித்த பிறகே ‘வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்’ (ஓ.சி.ஐ.) அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். அதற்குப் பிறகு பாதுகாப்புச் சரிபார்ப்பு. அது முடிய எத்தனை மாதம் ஆகும் என்று எந்த அலுவலரும் உறுதி சொல்வதில்லை. அட்டை கைக்கு வந்துவிட்டால் அரசுப் பணி போன்ற சில துறைகள் நீங்கலாக ஏறக்குறைய எந்த வேலைக்கும் போகலாம்.

இடையில் கிடக்கும் அந்த 2 ஆண்டுகளைப் பற்றித்தான் நாங்கள் பேசுகிறோம். புதிதாகத் தனிக்குடித்தனம் வைக்கும் காலம் அது. முன்பணம் கொடுத்து வீடு பிடிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவம், காவல் நிலையம் என்று கேட்டதுமே வீட்டுக்காரர் பின்வாங்குகிறார். முதல் குழந்தை பிறப்பதும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளில்தான். அப்போதுதான் குடும்பத்தில் படித்த, பயிற்சி பெற்ற ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறது. எங்கள் உறுப்பினர் ஒருவரின் மனைவி மலேசியாவில் தமிழாசிரியராக இருந்தவர். கோயம்புத்தூருக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு டியூஷன் எடுத்தால் விசா விதியை மீறியதாகிவிடுமோ என்று பயந்து, இலவசமாகச் சொல்லிக்கொடுக்கவும் தயங்கினார். திருமணமாகி இங்கே வந்த ஆண்களின் நிலை இன்னொரு விதம். சட்டம் கணவன், மனைவி என்று வேறுபாடு பார்ப்பதில்லை. ஊர் பார்க்கிறது. “மாப்பிள்ளை வேலைக்குப் போகலையா?” என்ற கேள்வியை எங்கள் பெண்கள் ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் எதிர்கொள்கிறார்கள். வேலைக்குப் போகச் சட்டம் விடவில்லை என்று பந்தியில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வேலை விசாவுக்கு மாறிக்கொள்ளலாமே என்று அலுவலர்கள் சொல்வதுண்டு. ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது வேலை விசாவின் பொதுவான நிபந்தனை. மதுரையிலோ திருநெல்வேலியிலோ ஒரு செவிலியருக்கும் ஆசிரியருக்கும் கணக்கருக்கும் அந்தச் சம்பளத்தை யார் தருகிறார்கள்? வெளிநாட்டு நிபுணர்களை வரவழைக்கும் நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. நம் வீட்டு மருமகளையும் மருமகனையும் அதே அளவுகோலால் அளப்பது முறையன்று.

திருமணம் உண்மையானதா, விசாவுக்காக நடந்ததா என்று அரசு சோதிக்கட்டும். எங்களுக்கு அதில் மறுப்பில்லை. விசா தரும்போதும், வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதியும்போதும், காவலர் வீட்டுக்கு வந்து விசாரிக்கும்போதும் அந்தச் சோதனை நடந்துவிடுகிறது. பட்டினி போட்டுச் சோதிக்க வேண்டிய தேவை அதற்குமேல் இல்லை. எனவே பதிவுத் திருமணச் சான்றிதழின் அடிப்படையில் வழங்கும் எக்ஸ் விசாவிலேயே ‘வேலை செய்யலாம்’ என்ற குறிப்பைச் சேர்க்கவும், அதற்குச் சம்பள வரம்பு வைக்காதிருக்கவும் தமிழ்நாடு அரசு ஒன்றிய உள்துறை அமைச்சகத்துக்குப் பரிந்துரை அனுப்பக் கோருகிறோம். 2 ஆண்டு என்பது திருமண நாளிலிருந்தா, பதிவு நாளிலிருந்தா என்பதிலும் தெளிவு வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஓராண்டு கழித்துப் பதிவு செய்த தம்பதிக்கு அந்த ஓராண்டு வீணாகக் கூடாது.

அடுத்தது பதிவு. இதன் நிர்வாகம் மாநிலத்தின் கையில் இருப்பது. மதமோ நாடோ வேறான எங்களில் பலருக்கு 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். 30 நாள் மின்விசாவில் வருகிறவர் விமானத்திலிருந்து இறங்கி நேரே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனாலும் அந்தக் கெடுவைத் தாண்ட முடியாது. திரும்பிப் போய், மறுபடி விசா எடுத்து, மறுபடி பயணச்சீட்டு வாங்கி வர வேண்டும். அறிவிப்பு நாளிலிருந்து 3 மாதத்துக்குள் திருமணம் நடக்காவிட்டால் அறிவிப்பே செல்லாது. 2022 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குமரி மாவட்டத்துப் பெண் ஒருவருக்கும் அமெரிக்காவில் இருந்த மணமகனுக்கும் காணொலி வழியே இதே சட்டத்தின்கீழ்த் திருமணம் நடத்தித்தர உத்தரவிட்டது. அந்த வழியை எல்லாச் சார்பதிவாளர்களுக்கும் பொதுவாக்கிப் பதிவுத்துறைத் தலைவர் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். ஒவ்வொரு தம்பதியும் வழக்கறிஞர் வைத்து ரிட் மனு போட முடியாது.

மணமாகாதவர் என்ற சான்றிதழைத் தூதரகத்திலிருந்து கொண்டுவரச் சொல்வதிலும் அலுவலகத்துக்கு அலுவலகம் நடைமுறை மாறுகிறது. அமெரிக்கா போன்ற நாடுகளின் தூதரகங்கள் அப்படியொரு சான்றிதழ் தருவதில்லை. சம்பந்தப்பட்டவர் அங்கே சத்தியம் செய்து கையெழுத்திடும் உறுதிமொழிப் பத்திரமே கிடைக்கும். எந்த நாட்டவருக்கு எந்த ஆவணம் போதும் என்ற பட்டியலை எல்லாச் சார்பதிவாளர் அலுவலகங்களிலும் தமிழில் ஒட்டிவைத்தாலே பாதி அலைச்சல் தீரும்.

இனி, எங்கள் சங்கத்தில் மிகக் கடினமான நிலையில் உள்ளவர்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 1983 ஜூலைக்குப் பிறகு படகேறி வந்த இலங்கைத் தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் கீழ்ப்புத்துப்பட்டிலும் வளர்ந்து நிற்கிறார்கள். 2021-இல் அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அழைக்க நம் அரசு ஆணையிட்டதை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் முகாமில் பிறந்தவரை மணக்கும் தமிழ்நாட்டுப் பெண்ணோ பையனோ பதிவுக்குப் போனால், பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். விசா இல்லை என்பதால் ஓ.சி.ஐ. இல்லை. இந்தியரை மணந்து 7 ஆண்டு இங்கே வாழ்ந்தவர் 5-ஆம் பிரிவின்படி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற ஒரு சொல் அந்த வாசலையும் அடைத்துவிடுகிறது. 7 ஆண்டு என்ன, 30 ஆண்டு வாழ்ந்தாலும் அதே நிலைதான்.

இதைவிடக் கொடியது பிள்ளைகளின் நிலை. 2004 டிசம்பர் 3 முதல் இந்தியாவில் பிறக்கும் குழந்தையின் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருந்தால் அந்தக் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை கிடையாது. தாய் ராமநாதபுரத்துக்காரி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். தகப்பன் மண்டபம் முகாமில் பிறந்தவர். குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் பிரசவம், அரசுப் பள்ளியில் படிப்பு. பதினெட்டு வயதில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தான் எந்த நாட்டுக்கும் உரியவன் அல்லன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவருகிறது. காதலித்து மணந்ததற்கு இந்தியத் தாய் கொடுக்கும் விலை, தன் குடியுரிமையைப் பிள்ளைக்குத் தர முடியாமல் போவது. இதை எங்களால் ஏற்க முடியவில்லை.

2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை இல்லை என்று 2025 செப்டம்பரில், புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்த வேளையில், ஒன்றிய அரசு விலக்கு அளித்தது. அதை வரவேற்கிறோம். ஆனால் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு என்ன நடந்தது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அவர்களுக்கும் முதலில் இப்படித்தான் விலக்கு வந்தது. பிறகு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், விலக்குப் பெற்றவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதக் கூடாது என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இலங்கைத் தமிழருக்கு முதல் பாதி வந்திருக்கிறது. இரண்டாம் பாதி வரவில்லை. அந்த இரண்டாம் பாதியைக் கேட்டு, குறைந்தபட்சம் இந்தியரை மணந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்குமாவது உடனே வழங்கும்படி, தமிழ்நாடு அரசு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும்.

அதுவரை காத்திருக்காமல் மாநிலம் இப்போதே செய்யக்கூடியவை இரண்டு. முகாம் பதிவு அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள ஆவணமாக ஏற்றுத் திருமணத்தைப் பதிவு செய்யுமாறு சார்பதிவாளர்களுக்கு எழுத்துமூலம் அறிவுறுத்துங்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள், பெற்றோர் அகதிகளாக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபத்தில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் வழங்க மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அவரைப் போல் இன்னும் எத்தனை பேர் தாங்கள் குடிமக்கள் என்பதே தெரியாமல் முகாம் வருகைப் பதிவுக்கு வரிசையில் நிற்கிறார்களோ! முகாம் வாரியாகப் பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்து அவர்களைக் கண்டறியும் பணியை அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரிடம் ஒப்படைக்கக் கோருகிறோம்.

மணவாழ்வு கசந்துபோனவர்களையும் மறந்துவிட முடியாது. விசா நீட்டிப்புக்கும் ஓ.சி.ஐ. விண்ணப்பத்துக்கும் இந்தியத் துணையின் கையெழுத்து வேண்டும். புதிய பாஸ்போர்ட் எடுக்கும்போதெல்லாம் திருமணம் நீடிக்கிறது என்று உறுதிமொழி தர வேண்டும். நீதிமன்றம் மணமுறிவு வழங்கினால், 7டி பிரிவின்படி ஓ.சி.ஐ. அட்டையை அரசு ரத்து செய்யலாம். அடிக்கிற கணவனை விட்டு வெளியே வரத் துணியும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் வேண்டியதில்லை. “கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போ” என்ற ஒரே பேச்சில் அவள் வாய் அடைபடுகிறது. பிள்ளைகள் இந்தியக் குடிமக்கள். அவர்களை விட்டு எங்கே போவாள்? 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் எந்த நாட்டுப் பெண் என்று பார்க்காமல் பாதுகாப்புத் தருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வழக்கு நடக்கும்போதும், இந்தியக் குடிமகனான பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு உள்ளவரையிலும், கணவரின் கையெழுத்து இல்லாமலே விசா நீட்டிப்பும் வேலை அனுமதியும் வழங்கப் பரிந்துரைக்க வேண்டும். ஓ.சி.ஐ. கிடைக்கும் முன்பே இந்தியத் துணையை இழந்தவர்களுக்கும் இதே ஏற்பாடு தேவை. துக்கம் கேட்க வந்தவர்கள் திரும்பும் முன்பே விசாக் கெடுவைப் பற்றிக் கவலைப்படும் நிலைக்கு யாரையும் தள்ளக் கூடாது.

காவல்துறைச் சரிபார்ப்புக்குக் கால வரம்பு வைப்பதும், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் எங்கள் குடும்பங்களுக்கென ஒரு தொடர்பு அலுவலரை நியமிப்பதும் செலவில்லாத காரியங்கள். அவற்றையும் ஆணையாக வெளியிட வேண்டுகிறோம்.

மேற்கண்டவை குறித்துப் பதிவுத்துறை, உள்துறை, மறுவாழ்வுத் துறை ஆகியவற்றின் அலுவலர்களோடு எங்கள் பிரதிநிதிகள் நேரில் பேச நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களின் ஆவண நகல்களை, அவரவர் ஒப்புதலோடு, அந்தக் கூட்டத்தில் சமர்ப்பிக்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்.

நகல்:
உள்துறைச் செயலாளர், தமிழ்நாடு அரசு.
பதிவுத்துறைத் தலைவர், சென்னை.
ஆணையர், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை.
வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலர், சாஸ்திரி பவன், சென்னை.