வார்டிலும் உண்டு வரவும் பற்றும்

மே 12, உலகச் செவிலியர் நாள். 1820-இல் அந்நாளில் பிறந்த புளோரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகை என உலகம் போற்றுகிறது. கிரிமியப் போரில் வீரர்கள் எதனால் மடிந்தனர் என்பதைக் கணக்கிட்டு வரைபடமாக்கியவரும் அவரே. கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களுக்கு அவ்வகையில் அவர் உறவினர். அவ்வுரிமையில், பணியில் புதிதாகச் சேரும் செவிலியர்க்குச் சில சொற்கள்.

இருமுறை சரிபார்க்க நாணாதீர்கள். எங்கள் காசாளர் முப்பதாண்டு அனுபவத்துக்குப் பின்னும் நோட்டுகளை மறுமுறை எண்ணுகிறார். அவருக்கு எண்ணத் தெரியாது என்று எவரும் சொல்வதில்லை. மருத்துவரின் கையெழுத்து விளங்கவில்லையெனில் ஊகிக்காமல் கேளுங்கள். ஐயத்திற்குரிய காசோலையை நாங்கள் திருப்பி அனுப்பிவிடலாம். செலுத்திய ஊசியை நீங்கள் திரும்பப் பெற இயலாது.

நோயாளி அருந்திய நீரையும் கழித்த நீரையும் மில்லிலிட்டரில் எழுதுகிறீர்கள். நாங்கள் அதை வரவு, பற்று என்போம். அக்குறிப்பேட்டில், மனத்தளவிலேனும், உங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இரவுப் பணி முடியும்வரை ஒரு குவளை நீரும் அருந்தாத செவிலியர், விரைவில் அடுத்த கட்டிலுக்கு நோயாளியாக வந்துசேர்வார்.

முதல் ஊதியம் வந்ததும் உறவுகள் பெருகும். கல்விக்கடன் தவணையை முதலில் எடுத்துவையுங்கள். ஒன்றுவிட்ட அண்ணன் தம் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால் சிந்தித்து இடுங்கள். அவர் செலுத்தத் தவறினால் நாங்கள் உங்களைத் தேடித்தான் வருவோம். அப்போது இவ்வளவு இனிமையாகப் பேசமாட்டோம்.

பிறர் நலனைத் துளித்துளியாகக் கணக்கிடும் கை, தன் நலனையும் ஒரு வரியேனும் எழுதிவைக்கட்டும். நெடுங்காலம் பணிபுரிய வேண்டியவர்கள் நீங்கள். என்றேனும் அக்கட்டிலில் படுக்க வேண்டியவர்கள்தாமே நாங்களும்!