நீட்டப்பட்ட கை



மழைக்காலத்தில் நம் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் வழுக்கி விழுந்து, ஊன்றிய கையின் மணிக்கட்டை முறித்துக்கொள்ளும் முதிய தாய்மார் உண்டு. சுமார் 6 வாரங்களில் மாவுக்கட்டு அவிழ்ந்ததும் சபையில் சாட்சி சொல்லுகிறோம். எலும்பு கூடியதற்காகத் துதிப்பது நல்லது. ஆயினும் இறுகிய மூட்டு இன்னும் இளகவில்லை. பிசியோதெரபிக்குப் போவது அவிசுவாசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். சிலர் வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தக் கை பின்பு அரிசி களையவும் உதவாமற்போகிறது.

மாற்கு 3-ஆம் அதிகாரத்துச் சூம்பின கையையுடைய மனுஷனைப் பாருங்கள். இயேசு அவன் கையைப் பிடித்து இழுக்கவில்லை, நீட்டும்படி கட்டளையிட்டார். சுகம் தேவனுடையது, நீட்டுதல் அவனுடையது.

கேரளத்தில் பிறந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் விபத்தில் கால்களின் செயலை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைசிகிச்சை செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமானவரும் அவரே.

கட்டு இருக்கும்போதே விரல்களையும் தோளையும் அசைக்கவேண்டும். அவிழ்த்தபின், மருத்துவர் சொன்னபடி மணிக்கட்டை மேலும் கீழும் மடக்கி, உள்ளங்கையைத் திருப்பிப் பழக்கவேண்டும். எண்ணெய் தேய்த்து வலிந்து இழுக்கலாகாது. விரல்கள் மரத்தாலோ நீலம்பாரித்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பட்டணத்திலிருக்கும் பிள்ளைகளே, பணம் அனுப்பியதோடு நின்றுவிடாதிருங்கள். "அம்மா, இன்றைக்குக் கையை அசைத்தீர்களா?" என்று தினமும் கேளுங்கள்; பின்பு தொலைபேசியிலேயே சேர்ந்து ஜெபியுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் கிரியைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.