லாரிக்காரரின் நேரத்துக்கு யார் கணக்கு எழுதுவது?

போன வாரம் எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் லாரி ஓட்டுநர் ஒருவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். அவருடைய கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் வந்த கடிதம். படித்துச் சொல்லவேண்டுமாம். நான் பள்ளியில் படித்தது பிரெஞ்சு வழியில். ஆங்கிலம் பிற்பாடு உத்தியோகத்துக்காகக் கற்றுக்கொண்டது. ஆனாலும் எங்கள் தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வந்து சேருகிறது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு ஓய்வு என்பது பெயருக்குத்தான்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள். ஒன்று, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்கும், படியில் பிடித்தம் செய்யப்படும். இரண்டு, அடுத்த மாதம் முதல் கிளீனர் கிடையாது. மூன்று, லோடு போய்ச் சேரவேண்டிய நேரத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

"பதில் எழுதித் தரீங்களா சார்?" என்றார்.

"என்னப்பா எழுதணும்? அறுபது முடியாதுன்னா?"

"இல்ல சார். அறுபது சரின்னு எழுதுங்க. நேரம்தான் சரியில்லன்னு எழுதுங்க."

அன்று முழுவதும் இந்த ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. லாரிக்காரர்கள் என்றாலே வேகக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வேகக் கட்டுப்பாடு கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் அல்ல. 2015 அக்டோபர் முதல் தயாரான சரக்கு வண்டிகளில் 80 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. டேங்கர், டிப்பர், பள்ளிப் பேருந்து ஆகியவற்றுக்கு 60. சில கம்பெனிகள் டீசலை மிச்சப்படுத்தவும் விபத்தைக் குறைக்கவும் மற்ற லாரிகளுக்கும் தாங்களாகவே 60 என்று வைத்துவிடுகின்றன. தப்பில்லை. அறுபதில் போகும் வண்டியை நிறுத்தத் தேவைப்படும் பிரேக் தூரத்தைவிட, எண்பதில் போகும் வண்டிக்கு ஏறத்தாழ முக்கால் மடங்கு அதிகத் தூரம் வேண்டும். சாலையோரம் நடந்து போகிற என்னைப் போன்ற கிழவனுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் அடுத்த கணக்கையும் போடவேண்டும். ஆயிரம் கிலோமீட்டர் போகவேண்டிய லோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பதிலேயே ஓட்டினால் பன்னிரண்டரை மணி நேரம். அறுபதில் 16 மணி 40 நிமிடம். வித்தியாசம் 4 மணி 10 நிமிடம். போய்ச் சேரவேண்டிய நேரம் மாறவில்லை என்றால் இந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டிலிருந்து அரை மணி எடுக்கலாம். மீதி முழுவதும் தூக்கத்திலிருந்துதான் வரும். வேகத்தால் வரும் விபத்தைக் குறைத்து, கண் அசந்து வரும் விபத்தைக் கூட்டினால் கூட்டிக்கழித்து என்ன லாபம்?

அதோடு கிளீனரையும் எடுத்துவிட்டார்கள். கிளீனர் என்றால் கண்ணாடி துடைக்கிற பையன் என்று நினைக்காதீர்கள். ராத்திரி மூன்று மணிக்கு ஓட்டுநரோடு பேசிக்கொண்டு வருகிறவன் அவன்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டிக் குரல் கொடுப்பவனும், தார்ப்பாய் கட்டுபவனும் அவன்தான். அவன் செய்த வேலையெல்லாம் இப்போது ஒரே ஆள் தலையில்.

இதை எழுதும்போது என் பங்கையும் சொல்லிவிடவேண்டும். எண்பதுகளில் எல்லையில் இருந்த ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். விற்பனை வரிக் காலம். லாரிகள் வரிசையாக நிற்கும். பில்லில் ஒரு எழுத்து தெளிவாக இல்லை என்றால்கூட வண்டியை ஓரம் கட்டச் சொல்வோம். ஒரு இரவு, வயதான ஓட்டுநர் ஒருவர் ஜன்னலில் கைகட்டி நின்று, "காலையில ஆறு மணிக்குள்ள போய்ச் சேரணும் சாமி" என்று கெஞ்சினார். நான் சாப்பிடப் போயிருந்த மேலதிகாரி வரட்டும் என்றேன். அவர் வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. முத்திரை குத்திக் கொடுத்ததும் அந்த மனிதர் வண்டியை எடுத்த வேகம் இன்றும் கண்ணில் நிற்கிறது. விடிந்ததும் டீக்கடையில், திண்டிவனம் பக்கம் ஒரு லாரி புளியமரத்தில் மோதிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அது அதே லாரியா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயம். நாங்கள் மேசையில் பிடித்து வைத்த நேரத்தை அவர்கள் சாலையில்தான் ஈடுகட்டவேண்டியிருந்தது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து அந்தச் சாவடிகள் போயின. நல்லது. இப்போது இ-வே பில் என்று ஒன்று இருக்கிறது. 2021 ஜனவரி முதல், சாதாரண சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று அதற்கு ஆயுள் கணக்கிடுகிறார்கள். அதாவது ஆயிரம் கிலோமீட்டருக்கு அரசாங்கத்தின் காகிதமே ஐந்து நாள் கொடுக்கிறது! கம்பெனி கொடுப்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளிலும் ஏற்றுகிற இடத்து கேட்டில் காத்துக்கிடப்பது கணக்கில் வராது என்கிறார் நம் தம்பி. சக்கரம் உருண்டால்தான் வேலையாம்!

என் அக்காள் மகன் பாரீஸுக்கு வடக்கே சார்செல்லில் இருக்கிறான். பாண்டிச்சேரிக்காரர்கள் நிறையக் குடியேறிய ஊர். அவனும் லாரி ஓட்டுகிறான். அங்கே மோட்டார் நெடுஞ்சாலையில் கனரக லாரிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம். வண்டியில் ஒரு பதிவுக் கருவி உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'மூஷார்', அதாவது ஒற்றன். அந்த ஒற்றன் வேகத்தை மட்டும் எழுதவில்லை, நேரத்தையும் எழுதுகிறான். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. ஒரு நாளைக்கு 9 மணி நேரம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். தூரத்தையோ எடையையோ வைத்துக் கூலி கொடுத்து, அதனால் சாலைப் பாதுகாப்பு கெடும் என்றால், அப்படிக் கொடுக்கவே கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம்.

அவனுக்கும் குறை உண்டு. "வீட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம்தான் மாமா, மணி முடிஞ்சு போச்சுன்னு ரோட்டோரம் கேபின்ல படுத்துக் கிடக்கறேன்" என்று போனில் புலம்புவான். ஆனால் "அந்தக் கருவியை எடுத்துவிடலாமா?" என்று கேட்டால், "ஐயோ வேணாம், அது இல்லேன்னா முதலாளி என்னைத் தூங்கவே விடமாட்டான்" என்பான்.

நம் நாட்டில் சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அப்போதே எழுதிவைத்தது. நெடுந்தூர வண்டிகளுக்கு 10 மணியும் 54 மணியும். 2025 நவம்பர் வரை அமலில் இருந்த அந்தச் சட்டத்தில், ஐந்து மணி வேலைக்குப் பின் அரை மணி ஓய்வும் இருந்தது. எழுதியதோடு சரி. வேகத்தை எண்ண ஜி.பி.எஸ். வந்துவிட்டது. அதே பெட்டி ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதையும் எண்ணமுடியும். எண்ணுகிறது கூட. அதைப் பார்த்து "இன்றைக்குப் போதும், வண்டியை நிறுத்து" என்று சொல்ல மட்டும் ஆள் இல்லை. அறுபதைத் தாண்டினால் உடனே போன் வருகிறது; பதினான்கு மணி நேரம் தாண்டினால் வருவதில்லை.

சில நல்ல மாற்றங்களும் வராமல் இல்லை. இப்போது தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏசி கட்டாயம். எஞ்சின் சூட்டில் வெந்துகொண்டு ஓட்டியவர்களுக்கு இது பெரிய காரியம்.

என் கருத்து இவ்வளவுதான். வேகத்துக்கு அளவு வைக்கும் கம்பெனி, அதே கடிதத்தில் நேரத்துக்கும் அளவு வைக்கவேண்டும். கேட்டில் நிற்கும் நேரமும் வேலை நேரம்தான் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். கிளீனரை எடுத்தால் அந்தச் சம்பளத்தில் ஒரு பங்காவது ஓட்டுநருக்குப் போகவேண்டும். நெடுந்தூரத்துக்கு இரண்டாவது ஓட்டுநரே வேண்டும்.

பதில் கடிதத்தை இப்படியே, மரியாதையாக, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். தம்பி இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் மட்டும் கையெழுத்துப் போட்டா டிரிப் குடுக்கமாட்டாங்க சார். இன்னும் நாலு பேர் போடறாங்களான்னு பாக்கறேன்" என்றார்.

நேற்று இரவு அவர் வண்டி புனே கிளம்பியது. கடிதம் இன்னும் அவர் பையில்தான் இருக்கிறது. கையெழுத்து இதுவரை இரண்டு.