மண்கல் மிஷினை யார் வாங்குவது?

மண்ணைச் சூளையில் சுடாமல், மிஷினில் போட்டு அழுத்தியே கல் செய்து வீடு கட்டலாம் என்று கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மிஷின் எங்கே கிடைக்கும், என்ன விலை?" இரண்டாவது கேள்வி பெரும்பாலும் வருவதில்லை. விலையைக் கேட்டதும் ஆசாமி எழுந்து போய்விடுவார். அல்லது (இது இன்னும் மோசம்) கடன் வாங்கி மிஷினை வாங்கிவிடுவார்.

மிஷின் ஒன்றும் புதுச் சரக்கு அல்ல. 1950களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இருந்த ஒரு வீட்டுவசதி ஆய்வு மையத்தில், ரவுல் ராமிரெஸ் என்ற சிலி நாட்டுப் பொறியாளர் வடிவமைத்த 'சின்வா-ராம்' தான் இந்தக் குடும்பத்துக்கே பாட்டன். ஒரு இரும்புப் பெட்டி, மேலே மூடி, நீளமான கைப்பிடி. ஈரமண்ணைக் கொட்டி மூடி கைப்பிடியை இழுத்தால் அடித்தட்டு மேலே ஏறி மண்ணை நெருக்கும். மூடியைத் திறந்து இன்னொரு அழுத்து அழுத்தினால் கல் வெளியே வந்துவிடும். கரண்ட் வேண்டாம், விறகு வேண்டாம்.

தமிழ்நாட்டில் தேடுகிறவர்கள் ரொம்ப தூரம் போகவும் வேண்டாம். ஆரோவில்லில் 1989இல் தொடங்கப்பட்டு இன்று எர்த் இன்ஸ்டிட்யூட் என்று அறியப்படும் நிறுவனம் உருவாக்கிய 'ஆரம்' மிஷினை அங்கேயே உள்ள ஆரேகா பட்டறை தயாரித்துப் பல நாடுகளுக்கும் அனுப்பியிருக்கிறது. அதே வகைக் கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல் ஹசன் ஃபாத்தி பெயரிலான சர்வதேச விருதும் கிடைத்தது. ஆக, மண்கல் நிற்குமா, மழையில் கரையுமா என்ற சந்தேகமெல்லாம் பழைய கதை. ஐ.எஸ். 1725 என்று அரசாங்கத் தரக்குறியீடே இருக்கிறது.

அப்புறம் ஏன் ஊருக்கு ஊர் மண்கல் வீடு இல்லை? பி.காம் முதல் வருஷ காஸ்டிங் பாடத்தை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம்.

24 செ.மீ நீளம், 24 செ.மீ அகலம், 9 செ.மீ உயரம் உள்ள கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் சுவருக்கு இடைக்கலவை போக 40 கல். சின்ன வீடு ஒன்றுக்கு 100 சதுர மீட்டர் சுவர் என்று வைத்தால் 4,000 கல். கை பழகாத குழு ஒரு நாளைக்கு 400 கல்தான் அறுக்கிறது என்றாலும் பத்தே நாளில் முடிந்துவிடும். பதினோராம் நாள் அந்த மிஷினுக்கு என்ன வேலை? கொல்லைப்புறத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு துருப்பிடிப்பதுதான் வேலை. மிஷின் விலை முழுவதும் அந்த 4,000 கல்லின் தலையில்தான் விழும். அப்படிப் பார்த்தால் சேம்பர் செங்கல்லே மலிவு என்று தோன்றத்தான் செய்யும்.

தளம் போட யாராவது சென்ட்ரிங் தகடு சொந்தமாக வாங்குகிறார்களா? கலவை மிஷின் வாங்குகிறார்களா? கல்யாணத்துக்கு அண்டா கூட வாடகைதான். மண்கல் மிஷினை மட்டும் வீடு கட்டுகிறவரே வாங்கவேண்டும் என்று யார் சொன்னது? ஒரு ஒன்றியத்துக்கு இரண்டு மிஷின், மகளிர் குழுவோ கொத்தனார்கள் சேர்ந்தோ வைத்து நடத்தட்டும். வருஷத்துக்கு இருபது வீடு கிடைத்தால் அதே மிஷின் விலை 80,000 கல்லுக்குப் பங்கு போடப்படும்.

ஆனால் இரும்புப் பெட்டியை மட்டும் வாடகைக்கு விட்டால் உருப்படாது. கூடவே மண் தெரிந்த ஒரு ஆள் வரவேண்டும். சிமெண்ட் சேர்த்துச் செய்யும் கல்லுக்கு ஆரோவில்காரர்கள் சொல்லும் நல்ல மண்: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களிமண் 20 சதவீதம். சில செம்மண் நிலங்களில் இதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலை அப்படியே போட்டால் கல் வெடிக்கும்; மணல் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்புக்குப் போகவேண்டும். பிறகு ஈரம். கலந்த மண்ணைக் கையில் உருண்டை பிடித்து மார்பு உயரத்திலிருந்து தரையில் விட்டால் நாலைந்து துண்டாக உடையவேண்டும். பொடிப்பொடியானால் தண்ணீர் போதாது, அப்பளமாகச் சப்பினால் அதிகம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அழுத்திய கல்லுக்கு எத்தனை டன் மிஷினாலும் உயிர் வராது.

ஐந்து சதவீதம் சிமெண்ட் என்றால் பத்துக் கிலோ கல்லுக்கு அரைக் கிலோ. ஒரு மூட்டைக்கு 100 கல். வீடு முழுக்க 40 மூட்டை. மண்? நாற்பது டன் வேண்டும். பயப்படவேண்டாம், பத்தடிக்குப் பத்தடி, எட்டடி ஆழக் குழி ஒன்றிலேயே அவ்வளவு இருக்கும். மேல்மண்ணை (வேரும் சருகும் உள்ளது) ஒதுக்கிவிட்டால், தண்ணீர்த் தொட்டிக்கும் கழிவுத் தொட்டிக்கும் தோண்டுகிற மண்ணிலேயே நல்ல பங்கு தேறிவிடும்.

சூளைக்காரர் ஜெயிக்கிற இடம் வேறு. அவர் விற்பது பொருள். போன் போட்டால் லாரி வாசலில் நிற்கும், பாதிப் பணம் அடுத்த மாதம் கொடுக்கலாம். மண்கல் மிஷின் விற்கிறவரோ வீடு கட்டுகிறவர் கையில் ஒரு தொழிற்சாலையையே கொடுத்துவிட்டுப் போகிறார். ஆள் பிடிக்கவேண்டும், மண் சலிக்கவேண்டும், அடுக்கிய கல்லை மூடிவைத்து நாலு வாரம் தண்ணீர் காட்டவேண்டும். அந்த நாலு வாரமும் சிமெண்டுக்கும் கூலிக்கும் போட்ட பணம் சும்மா அடுக்கில் உட்கார்ந்திருக்கும். வீட்டு வாடகையும் கொடுத்துக்கொண்டு வீடும் கட்டுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. குடும்பமே சேர்ந்து தன் கல்லைத் தானே செய்துகொள்ளும் என்பதுதான் பொகோட்டாவில் போட்ட கணக்கு. இன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிற குடும்பத்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆகவே மிஷின் வைத்திருக்கும் குழு வாடகையோடு நிற்கக் கூடாது. கல் கணக்கில் விலை பேசவேண்டும்: மண் வீட்டுக்காரருடையது, மிஷினும் ஆளும் குழுவுடையது, நாலு வாரம் ஆறிய பிறகு எண்ணிப் பார்த்து, உடைந்ததைக் கழித்து, மீதிக்குப் பணம். அப்போதுதான் தண்ணீர் காட்டாமல் விட்ட நஷ்டம் யாருடையது என்ற சண்டை வராது.

இதற்கு மானியம் கேட்பவர்கள் மிஷினுக்குக் கேட்பதைவிட இந்த நாலு வார இடைவெளிக்குக் கடன் கேட்பது புத்திசாலித்தனம். குழு ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நனைந்த மண்ணைச் சலிக்கவே முடியாது. பன்னிரண்டு மாத வருமானம் என்று பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டு மழை மாதத்தில் தவணை கட்ட முழிக்காமல், ஆரம்பத்திலேயே ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் போட்டு விலை வைக்கவேண்டும்.