ஓடத் தெரிந்தவனுக்கே ஊர் தெரியும்

விடுமுறைக்குச் சென்னையிலிருந்து பேரன் வந்திருந்தான். கையகல நின்டென்டோ கருவியோடு திண்ணையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. "கண்ணு கெட்டுப்போகும்டா, உருப்படாத வேலை" என்று இரண்டு நாள் கத்தினேன். மூன்றாம் நாள், "ஒரு தடவை பாருங்க தாத்தா, அப்புறம் திட்டுங்க" என்றான். பார்த்தேன். அன்றிலிருந்து நான் அவன் கட்சி.

ஆட்டத்தின் பெயர் செல்டா. 2017-இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'. லிங்க் என்ற வீரன் ஒரு பெரிய தேசத்தைச் சுற்றிவருகிறான். கண்ணில் படும் மலைகளில் பெரும்பாலும் எதிலும் ஏறலாம். ஏற ஏற ஒரு பச்சை வட்டம் கரையும். அதுதான் அவன் தெம்பு. தீர்ந்தால் கீழே விழுவான். மழை பெய்தால் பாறை வழுக்கும். உச்சியை அடைந்துவிட்டாலோ, துணிச் சிறகை விரித்துப் பள்ளத்தாக்கின் மேல் மிதந்து இறங்கலாம்; கேடயத்தைக் காலடியில் போட்டுச் சரிவில் சறுக்கலாம்.

வரைபடத்தைத் தொட்டால் முன்பே கண்டுபிடித்த சில இடங்களுக்கு நொடியில் போகும் வசதியும் அதில் உண்டு. அதை இவன் தொடுவதே இல்லை. ஏன் என்று கேட்டேன். "போறதுதானே தாத்தா ஜாலி! ஸ்பைடர்மேன் கேம்ல சுரங்க ரயில்கூட இருக்கு. கட்டடம் கட்டடமா தாவிப் போறப்ப ரயில்ல எவன் ஏறுவான்?" என்றான்.

இந்தப் பதில் என்னை யோசிக்க வைத்தது. பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போய்ச் சேருவதும் வேகம்தான், ஆனால் அது நம்முடைய வேகம் இல்லை. சைக்கிளில் இறக்கத்தில் காலை எடுத்துவிட்டுப் போகிறோமே, அது நம்முடையது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'பர்கூர்' என்றால் பாதை, கடக்கும் வழி என்று படித்தோம். இன்று சுவர் தாண்டி, கூரை விட்டுக் கூரை தாவும் கலைக்குப் 'பார்க்கூர்' என்று பெயர். அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். அதன் மூலவர்களில் ஒருவரான ரேமோன் பெல் 1939-இல் வியட்நாமில் பிறந்தவர். பிறகு பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அவர் மகன் தவீத் பெல் அதை உலகறியச் செய்தார். தப்பிப் பிழைக்கவும் பிறரைக் காப்பாற்றவும் பழகிய ஓட்டம் இப்போது பிள்ளைகளின் விளையாட்டுக்குள் புகுந்திருக்கிறது. அதை உருப்படாதது என்று இனிமேல் நான் சொல்லமாட்டேன்.

"வேகமாகப் போகிறவன் எதைப் பார்க்கப்போகிறான்?" என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் குடுமியான்மலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் 7-ஆம் நூற்றாண்டின் இசைக் கல்வெட்டு உள்ளது. ஏழு பகுதிகள், நான்கு நான்கு சுரமாகக் கோத்துக்கொண்டே போகிறார்கள். விரலுக்கான பயிற்சிப் பாடம் போலத்தான் எனக்குத் தோன்றும். விரல் தடுமாறும் வரை கவனமெல்லாம் விரலிலேயே இருக்கும். கைக்குப் பழகிவிட்டால் மனம் ராகத்துக்குப் போய்விடும். ஓட்டமும் அப்படித்தான். தட்டித் தடுமாறி நடக்கிறவன் தன் காலைத்தான் பார்க்கிறான். ஓட்டம் பழகியவனுக்குக் கண் ஓய்வாக இருக்கிறது. அவன்தான் ஊரைப் பார்க்கிறான். பேரன் பாதி வழியில் நின்று, "அங்க புகை தெரியுது, என்னன்னு பார்ப்போம்" என்று திரும்பியதை நானே பார்த்தேன்.

ஆனால் ஒரு குறை. திரையில் அவ்வளவு மலை ஏறியவன் வாசலில் நிற்கும் மலையில் ஏறியதில்லை. தப்பு அவனுடையது இல்லை. "ஓடாதே, ஏறாதே, விழுந்துவிடுவாய்" என்று சொல்லிச் சொல்லி உட்கார வைத்தவர்கள் நாம்தானே!

மறுநாள் காலை அவன் அப்பாவோடு மேலே அனுப்பினேன். "சிற்பத்து மேல கால் வச்சிடாதடா" என்று மட்டும் சொன்னேன். என் முழங்கால் மேலே போக விடுவதில்லை. கீழே நிழலில் உட்கார்ந்திருந்தேன். மூச்சிரைக்க இறங்கி வந்தான். பாறையில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் 63 நாயன்மார்களை எண்ணப் பார்த்து நடுவில் கணக்கு விட்டுப்போச்சாம். "கேமைவிடக் கஷ்டம் தாத்தா. நாளைக்கும் போகலாமா?" என்றான்.

பிள்ளைகள் கையிலிருக்கும் கருவியைப் பிடுங்காதீர்கள். அதில் அவர்கள் தேடுகிற ஓட்டத்துக்கு வெளியிலும் கொஞ்சம் இடம் விடுங்கள். இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அன்று சாயங்காலம் கருவியை வாங்கி ஒரு மலை ஏறிப் பார்த்தேன். மூன்று முறை விழுந்தேன். நான்காம் முறை உச்சியில் நின்றேன். மலை உச்சியில் நின்று எத்தனை வருஷம் ஆகிவிட்டது!