இல்லாத விமானமும் இருக்கவேண்டிய நியதியும்

எம்மிடம் முன்னர்த் தமிழ் கற்று, இப்பொழுது ரொறன்ரோ நகரில் வாழும் மாணவர் ஒருவர், சென்ற ஆவணியில் விடுமுறைக்கு ஊர் வந்தபோது எம்மைக் காண வந்தார். சிறு பெட்டியொன்றைத் திறந்து, பஞ்சினுட் பொதிந்திருந்த போர்விமான உருவமொன்றை மேசைமீது வைத்தார். ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும்.

"இஃது எந்த நாட்டு விமானம், தம்பி?" என்றோம்.

"எந்த நாட்டினதும் இல்லை, ஐயா. உடல் ஒரு பெட்டியில் வந்தது. சிறகு வேறொரு பெட்டியில் வந்தது. வால் மூன்றாவது பெட்டியினது. இப்படி ஒரு விமானம் உலகத்திற் பறந்ததே இல்லை" என்றார்.

நான்கு திங்களாக இரவு விழித்துச் செய்தாராம். உள்ளதன் உருவைச் செய்தல் கலை. இல்லாததன் உருவைச் செய்தல் வீண்பொழுது என்பதே அக்கணத்தில் எமக்குத் தோன்றிய முடிபு. அம்முடிபு பிழையென்பதைப் பின்னர் உணர்ந்தோம். உணர்ந்தவாற்றை ஈண்டு எடுத்துரைப்போம்.

இத்தொழிலை அறியாதார்பொருட்டுச் சில கூறுதல் வேண்டும். விமானத்தின் உறுப்புக்களைப் பிளாஸ்ரிக்கில் வார்த்து, பெட்டியிலிட்டு விற்பர். வாங்குவோர் அவற்றை அறுத்தெடுத்து, ஒட்டி, வர்ணந் தீட்டி முழு உருவாக்குவர். 1/72 என்பது பெருவழக்கான ஓர் அளவு. ஆறடி மனிதன் அவ்வளவில் ஓரங்குலம் ஆவான். 1/48 என்னும் மற்றோர் அளவில் ஒன்றரை அங்குலம் ஆவான். உள்ள விமானத்தின் உருவைச் செய்வோனுக்குப் புகைப்படமே நீதிபதி. கற்பனை விமானஞ் செய்வோனுக்கு அந்நீதிபதி இல்லை. ஆதலின் அவன் மனம்போனவாறு செய்யலாம் எனக் கருதுதல் தவறு. புகைப்படம் விலகிய ஆசனத்தில் நியாயம் வந்து அமர்ந்துகொள்கின்றது.

1/72 அளவான உடலில் 1/48 அளவான சிறகைப் பொருத்தலாம். பெருஞ்சிறகுடைய விமானமென்று கண் ஏற்றுக்கொள்ளும். ஆனால் 1/48 பெட்டியின் கண்ணாடிக் கூண்டை அவ்வுடலிற் பொருத்தினாலோ, அதனுள் இருக்கும் விமானி ஒன்பதடி அரக்கன் ஆகிவிடுவான். இயந்திரம் பெரிதாயின் காற்று உட்புகும் வாயும் பெரிதாதல் வேண்டும். சில்லுகள் மடங்குவனவாயின் மடங்கியபின் ஒடுங்குதற்கு உள்ளே இடம் வேண்டும். பாரம் பின்னே மிகுமாயின் மூக்குச்சில்லு மேலெழ, விமானம் வாலிற் குந்திவிடும். அதனைத் தடுத்தற்கு மூக்கினுள் ஈயம் இடுவர். இவற்றையெல்லாம் அம்மாணவர் விளக்கியபோது, இலக்கண வகுப்பில் எம் முன்னிலையில் அமர்ந்திருந்தவர், அன்று எமக்கு ஆசிரியராயினார்.

உறுப்புக்களை இணைக்கும் முறையே எம்மைப் பெரிதுங் கவர்ந்தது. ஒரே பெட்டியின் உறுப்புக்கள் ஒன்றோடொன்று தாமே பொருந்தும். அஃது இயல்பு புணர்ச்சி. வெவ்வேறு பெட்டியின் உறுப்புக்கள் பொருந்தவேண்டின் விகாரப் புணர்ச்சியே வேண்டும். தோன்றல், திரிதல், கெடுதல் என நன்னூலார் கூறும் மூன்று விகாரங்களையும் அவ்விமானத்திற் கண்டோம். பூவும் கொடியும் பூங்கொடி ஆகும்போது இடையே மெய்யொன்று தோன்றுமாபோல, உடலுக்கும் சிறகுக்கும் இடைப்பட்ட வெளியில் நிரப்புபசை தோன்றிற்று. பொன்னும் குடமும் பொற்குடம் ஆகும்போது னகரம் திரியுமாபோல, சிறகின் அடி வெந்நீரில் இளகி வளைந்து உடலுக்கேற்பத் திரிந்தது. மரமும் வேரும் மரவேர் ஆகும்போது மகரம் கெடுமாபோல, வாலின் மிகைவிளிம்பு அரத்தாளின்கீழ்க் கெட்டொழிந்தது. பின்னர்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்று பூசுவர். மறைந்ததென நினைத்த பொருத்துவாயெல்லாம் அதன்மேல் வெளிப்பட்டுவிடுமாம். குற்றம் கண்டவிடத்து மீண்டும் நிரப்பித் தேய்த்தலே வழி. சந்தி பிழைத்த கட்டுரையைத் திருத்தும் ஆசிரியரும் இதனையே செய்கின்றார்.

இனி, பல பெட்டிகளிலிருந்து கூட்டியது உண்மையாகாது என்பார்க்கு ஒன்று கூறுவோம். முன்னோக்கிச் சரிந்த சிறகின் இயல்பைச் சோதித்தற்கு ஜேர்மனியர் 1944 ஆகஸ்ட் மாதத்தில் யுங்கர்ஸ் 287 என்னும் குண்டுவீச்சு விமானத்தைப் பறக்கவிட்டனர். அதன் உடல் ஹைங்கல் 177 என்னும் வேறொரு விமானத்தினது. மூக்குச்சில்லுகளோ, விழுந்துகிடந்த அமெரிக்க லிபரேற்றர் விமானங்களிலிருந்து கழற்றப்பட்டவை. பகைவன் சில்லிற் பகைவன் ஓடினான். மெய்யான விமானமே இங்ஙனம் கூட்டப்படுமாயின், மேசைமேல் நிற்பதனைமட்டும் பழிப்பதென்னை?

இதனினும் வியப்பானது மற்றொன்று. அமெரிக்கப் போர்விமான வரிசையில் எஃப்-18 இன் பின் எஃப்-20 வந்தது; இடைப்பட்ட எண்ணைக் காணவில்லை. ராடாருக்குப் புலப்படாத விமானமொன்று இரகசியமாகப் பறக்கின்றதென்னும் பேச்சும் உலாவிற்று. ரெஸ்ரர்ஸ் நிறுவனத்து ஜோன் அன்ட்றூஸ் என்பார் அவ்விரண்டையும் பற்றுக்கோடாகக் கொண்டு ஓர் உருவத்தைக் கற்பித்தார். அது 1986 இல் எஃப்-19 என்னும் பெயருடன் பெட்டியில் வெளிவந்து பெருவாரியாக விற்பனையாயிற்று. 1988 நவம்பரில் அரசு உண்மை விமானத்தின் படத்தை வெளியிட்டது. அதன் பெயர் எஃப்-117; அது 1981 முதற் பறந்துகொண்டிருந்தது. பெட்டியில் வந்தது வளைவும் வழவழப்பும் உடையது. உண்மையானதோ பட்டைதீட்டிய கல்லைப்போலத் தட்டை முகங்களால் ஆயது. அந்நிறுவனமே சோவியத் நாட்டின் பெயரால் 1987 இல் கற்பித்த மிக்-37 தட்டை முகங்களைக் கொண்டு, உண்மைக்கு அணித்தாய் நின்றது. அன்றியும், எஃப்-117 தானும் எஃப்-18 இன் இயந்திரத்துக்கு இனமானதையும், எஃப்-16 இன் செலுத்துமுறையையும் இரவல் பெற்றதேயாம்.

இல்பொருளுவமை என ஒன்றனை அணிநூலார் வகுத்தனர். சிறகு முளைத்த மலைபோல யானை பாய்ந்தது என்றால், மலையும் உண்டு, சிறகும் உண்டு. மலையிற் சிறகு இல்லை. உறுப்புக்கள் உள்பொருள், கூட்டம் இல்பொருள். கோயில் தூணில் நிற்கும் யாளியும் அவ்வகையினதே. சிங்கத்தின் உடலில் யானையின் துதிக்கை சேருமிடத்தைச் சிற்பி எத்துணைக் கவனத்தோடு செதுக்குகின்றான்! யாளியைப் போற்றும் நாம் மாணவரின் விமானத்தை எள்ளுதற்கு நியாயமில்லை.

நிற்க. வேறொரு தடை எம் உள்ளத்தை வருத்திற்று. அது படைக்கலம் அன்றோ? 2009 இல் முடிவுற்ற போரில், விமானத்தின் ஒலி கேட்டுப் பதுங்குகுழி நாடிய ஊர்களில் வாழ்ந்தோம் நாம். அம்மாணவரும் அக்குழிகளில் வளர்ந்தவரே. "உமக்கு ஏன் தம்பி இந்த ஆசை?" என்று கேட்டோம். சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "குழிக்குள் இருந்தபோது ஒலியைத்தான் கேட்டேன், ஐயா. தலையை வெளியே நீட்ட அம்மா விடவில்லை. எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே இருப்பேன்" என்றார்.

காணாததற்கு உருவங் கொடுத்து அதனை மேசைமேல் வைத்து நோக்குதல், அஞ்சியவன் அச்சத்தை அளந்து பார்க்கும் வழிகளுள் ஒன்று. அதனைத் தடுக்கும் உரிமை எமக்கில்லை.

ஆயினும் இருவகை வரம்பு வேண்டும் என்பது எமது துணிபு. கற்பனை உருவம் தன்னைக் கற்பனையென்றே அறிவித்தல் வேண்டும். பீடத்தில் அவ்வாறு எழுதுதல் நன்று. பெட்டியிற் பிறந்த எஃப்-19, 1988 இல் கணினி விளையாட்டொன்றுக்கும் பெயராயமைந்தது. பொய்யுருவம் வழங்க வழங்க மெய்போல நிலைபெறும். இரண்டாவது, கற்பனை விமானத்துக்குக் கற்பனைக் கொலைகளை ஏற்றுதல் ஆகாது. மாணவரின் விமானத்தில் கண்ணாடிக் கூண்டின்கீழே ஐந்து சிறு குறிகள் ஒட்டப்பட்டிருந்தன. வீழ்த்திய பகை விமானங்களின் கணக்காம். உலகத்துப் போர்விமானங்களுள் ஒருவரையும் கொல்லாதது என உறுதியாகக் கூறத்தக்கது, பறவாத இவ்விமானமே. அப்பெருமையை அதனிடமிருந்து பறித்தல் எற்றுக்கு?

இதனையே அவரிடமும் கூறினோம். விடைபெறும்போது, "அந்தக் குறிகளைச் சுரண்டினால் கீழே உள்ள வர்ணமும் கழன்றுவிடும், ஐயா, அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி பூசவேண்டும்" என்றார். பூசுக என்றோம்.