காரணம் கேட்டபின் காசு கொடுப்போம்

காரின் நடுத்திரை திடீரென இருண்டுவிட்டால், "முழுவதையும் மாற்ற வேண்டும்" என்று பணிமனையில் சொன்ன உடனேயே நாம் இசைந்துவிடுகிறோம். காரணம் அறியாமல் செய்யும் செலவு வீண் விரயமாகவே முடியக்கூடும்.

2022 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் வானொலி நிலையமொன்று ஒலியுடன் அனுப்பிய படக்கோப்புகளில், கோப்பின் வகையைக் குறிக்கும் பின்னொட்டு விடுபட்டிருந்தது. அவற்றைப் பெற்ற, பழைய மென்பொருள் கொண்ட 2014–2017 மஸ்டா கார்கள் பலவற்றின் திரைகள் செயலிழந்தன. ஓட்டியவர்கள் எத்தவறும் செய்யவில்லை. பழுதின் வேர் நாம் எண்ணாத இடத்திலும் இருக்கும் என்பதற்கு இதுவே சான்று.

ஆகவே எளியவற்றிலிருந்து தொடங்குவோம். வண்டியை ஓரமாக நிறுத்தி, கையேட்டில் உள்ளபடி திரையை மறுதொடக்கம் செய்வோம். பலனில்லையேல் ஃபியூஸையும் பேட்டரியையும் சோதிக்கச் சொல்வோம். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஒலி கேட்டும் படம் தெரியாவிடில், பழுது திரையில் மட்டுமே இருக்கலாம். மென்பொருள் புதுப்பிப்பும் உத்தரவாதக் காலமும் அடுத்துப் பார்க்க வேண்டியவை.

இத்தனைக்கும் பிறகே புதிய கருவியைப் பற்றிய பேச்சு எழ வேண்டும். விலையை மட்டும் கூறுபவரிடம் காரணத்தைக் கேட்பது நமது உரிமை. அதை விளக்குவது அவரது கடமை.